மெத்திலீன் ப்ளூ + சிவப்பு லைட்: ஈ.கோலை மட்டும் சாகவே மாட்டேங்குது, உதவி ப்ளீஸ்

மக்களே, ப்ராஜெக்ட்டுக்கு போட்டோடைனமிக் முறைல பாக்டீரியாவ கொல்ல ட்ரை பண்றேன், மெத்திலீன் ப்ளூ கலந்து 660 நானோமீட்டர் எல்இடில வெச்சா சாயம் லைட்ட உறிஞ்சி ஆக்ஸிஜன சிங்கிளெட் ஆக்ஸிஜனா (வேகமா வினை புரியற ஆக்ஸிஜன்) மாத்தும், அது செல்லை பல இடத்துல தாக்குறதால பாக்டீரியாவுக்கு ரெசிஸ்டன்ஸ் (எதிர்ப்பு சக்தி) வர்றது கஷ்டம்னு படிச்சேன். 1900லயே ஆஸ்கர் ராப்னு ஒருத்தர் அக்ரிடின் சாயம் போட்டு வெளிச்சத்துல பாரமீசியம்ங்கற ஒரு செல் உயிரி சாகுறத பாத்துட்டாராம்!

ஸ்டஃபைலோகாக்கஸ் ப்ளேட் சுத்தமா காலி. ஈ.கோலை ப்ளேட்ல மட்டும் வெள்ளை வெள்ளையா காலனி பொங்கி நிக்குது, விரல் நகம் நீலமானது தான் மிச்சம். ஈ.கோலை மாதிரி கிராம் நெகட்டிவ் பாக்டீரியாவுக்கு வெளில இன்னொரு சவ்வு இருக்கு, அது சாயத்த தடுக்கும்னு தெரியும், ஆனா இவ்ளோவா? ப்ராத்லயே (பாக்டீரியா வளக்குற சத்து திரவம்) சாயம் கலந்தேன், அதுல இருக்குற புரோட்டீன் சிங்கிளெட் ஆக்ஸிஜன தின்னுடுதோன்னு ஒரு டவுட்டு. செல்லை பிபிஎஸ்ல (உப்பு பஃபர் கரைசல்) கழுவிட்டு பண்ணணுமா? ஈடிடிஏ (உலோக அயனிய பிடிச்சுக்கற கெமிக்கல்) கொஞ்சம் சேத்தா சவ்வு லூசாகுமாமே, பொட்டாசியம் அயோடைடும் நல்லா வேலை செய்யும்ங்கறாங்க, யாராச்சும் கையால செஞ்சு பாத்திருக்கீங்களா, எவ்ளோ போட்டீங்க?

ஃபாயில் சுத்துன இருட்டு கன்ட்ரோல் வெச்சிருக்கேன், சாயம் இல்லாம லைட் மட்டும் அடிச்ச கன்ட்ரோல் வைக்க மறந்துட்டேன், திட்டாதீங்க 🙏