ஆற்றுத் தூண்டிலால் முகத்துவாரத்தில் கிழங்கான் பிடிக்க முடியுமா?

பொருநைக்கரையான்:
எனக்கு ஊர் ஸ்ரீவைகுண்டம் பக்கம். தாமிரபரணியில் மயிலிறகுத் தக்கையும் கோதுமை மாவு உருண்டையுமாகக் கெண்டை பிடித்தே வளர்ந்தவன். இப்போது வேலை சிதம்பரத்தில், அதனால் ஞாயிறு என்றால் பரங்கிப்பேட்டைக்குப் போய் வெள்ளாற்று முகத்துவாரத்தில் நின்றுவிடுகிறேன். மடவை கண்ணெதிரே துள்ளுகிறது, ஆனால் மாவைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. இறால் போட்டால் ஏதோ ஒன்று கொத்திக் கொத்தி இரையை மட்டும் தின்றுவிடுகிறது, முள் வெறுமையாக வருகிறது. எனக்குக் கிழங்கான்தான் வேண்டும், வீட்டில் எல்லோருக்கும் பிடித்த மீன். அங்கே போடுகிறவர்கள் முள், இரை, நேரம் சொல்லுங்கள்.

உப்பங்கழி:
தம்பி, முதலில் தக்கையைக் கழற்றுங்கள். கிழங்கான் தரையில் மேய்கிற மீன், மணலில் இருக்கும் புழுவையும் சின்னக் கூனி இறாலையும் தேடித் தின்னும், பயந்தால் அந்த மணலிலேயே புதைந்துகொள்ளும். மூஞ்சி கூர், வாய் ரொம்பச் சிறியது. முழு இறாலைக் கோத்தால் ஓரத்தைக் கடித்துக்கொண்டு போகத்தான் செய்யும். 12 அல்லது 14 ஆம் எண் முள் கேட்டு வாங்குங்கள், எண் கூடக்கூட முள் சிறிதாகும். 0.20 மில்லிமீட்டர் நரம்பு (நைலான் தூண்டில் நூல்) போதும். நுனியில் ஈயக்குண்டு, அதற்கு ஒரு சாண் மேலே கிளையாக விரல் நீள நரம்பில் முள்.

இரைக்கு, தண்ணீர் வற்றும்போது தெரிகிற ஈரமணலில் தோண்டினால் கிடைக்கிற புழுதான் முதல் தரம். கிடைக்காவிட்டால் இறாலை உரித்து, சதையைப் பாதி வேர்க்கடலை அளவுக்கு நறுக்கி, முள் நுனி கொஞ்சம் வெளியே தெரியும்படி கோத்துவிடுங்கள். போட்டுவிட்டுச் சும்மா நிற்காமல் மெதுவாக மணலோடு இழுங்கள், நிறுத்துங்கள், மறுபடி இழுங்கள். நரம்பை விரலில் பிடித்திருந்தால் டிக் டிக் என்று தெரியும். அப்போது வெடுக்கென்று இழுக்க வேண்டாம், லேசாக நிமிர்த்தினாலே மாட்டிக்கொள்ளும்.

கரைவலை:
நேரம் என்றால் தண்ணீர் ஏறத் தொடங்குகிற நேரம், அதுவும் காலையாக இருந்தால் நல்லது. ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்து ஆறு கலங்கி வந்தால் உள்ளே உப்பு குறைந்துவிடும், அப்போது முகத்துவாரத்தில் கிழங்கானை எதிர்பார்க்காதீர்கள். மடவையை மறந்துவிடுங்கள் சார். அது சேற்றில் படிகிற பாசியும் மக்கிய கழிவும் தின்கிற மீன், அதற்கு வீச்சுவலைதான்.

அப்புறம் ஒன்று, இரவில் போட்டால் இருங்கெளுத்தி மாட்டும். முதுகில் ஒரு முள், பக்கத்துக்கு ஒன்று, மூன்றிலும் விஷம். துணியைச் சுற்றிக்கூடக் கையால் பிடிக்காதீர்கள், குறடு வைத்துக் கழற்றுங்கள், இல்லையென்றால் நரம்பையே அறுத்துவிடுங்கள். குத்திவிட்டால் தாங்குகிற சூட்டில் வெந்நீரில் கையை வைத்துக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பொருநைக்கரையான்:
ரொம்ப நன்றி அண்ணே. 14 ஆம் எண் முள்ளில் குஞ்சு மீன்தானே அதிகம் மாட்டும்? அதை என்ன செய்வீர்கள்?

உப்பங்கழி:
மாட்டும் தம்பி, அதை விட்டுவிட வேண்டும். கடலில் பொரித்த குஞ்சுகள் வளர்வதற்காகத்தான் இந்த ஆழமில்லாத தண்ணீருக்குள் வருகின்றன, ஒரு சாண்கூட வராததை வறுத்துத் தின்றால் பிறகு யார் முட்டையிடுவது? கரையில் சிலர் கொசுவலையைக் கட்டி விரல் நீளக் குஞ்சையெல்லாம் அள்ளுவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். முள் நுனியில் பின்னோக்கி நீட்டியிருக்கும் சின்னக் கொக்கியைக் குறடால் நசுக்கிவிட்டால் வாய் கிழியாமல் கழன்று வரும். கையை நனைத்துக்கொண்டு பிடியுங்கள், காய்ந்த கை பட்டால் மேலிருக்கும் வழுவழுப்பு போய்விடும்.