புது டிஸ்க் பேட் நுழையவில்லை, பிஸ்டன் பாதியில் நிற்குது: யோசனை சொல்லுங்க

2008 மாடல் 150 சிசி வண்டி. முன் டிஸ்க் பிரேக், ஒற்றை பிஸ்டன் காலிப்பர் (பேடை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்). பிஸ்டன் இன்னும் 2 மி.மீ. உள்ளே போனால்தான் புது பேட் உட்காரும். பிரேக் ஆயில் கப் மூடியைத் திறந்து, பழைய பேடை அண்டக் கொடுத்து, சி-கிளாம்பால் அழுத்தியாச்சு. கப்பில் மட்டம் ஏறுது, அதனால் ஹோஸ் அடைப்பு இல்லை.

பிஸ்டனின் ஒரு பக்கம் கடுகளவு துருப்புள்ளிகள். அவை சீலை (ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) தொடும் இடத்தில்தான் பிஸ்டன் நிற்குது. மேலும் அழுத்தினால் சீல் கிழியும், ஆயில் கசிந்து புது பேடும் வீண்.

சீல் கிட் போதுமா, பிஸ்டனும் மாத்தணுமா? மாத்துவதே சரின்னு படுது. சென்னை ஜி.பி. ரோடு ஸ்பேர் கடைகளில் பிஸ்டன் தனியாகக் கிடைக்குமா? புதுப்பேட்டை பழைய காலிப்பர் வேண்டாம், பிரேக் விஷயம். ஏர் எடுக்கும் நிப்பிளும் இறுகிக் கிடக்கு. உடையாமல் கழற்ற வழி சொல்லுங்க.