காலையில் பாட்டில் காலி: தீனி எலி டப்பா அனுபவங்கள்

பதிவு 1

வளர்ப்புப் பாம்புக்குத் தீனியாக வீட்டிலேயே சுண்டெலி வளர்க்கிற டப்பா பற்றித்தான் இது. அதை எப்படிச் செய்தேன் என்று நீட்டப் போவதில்லை. எல்லோரும் செய்கிற அதே பெரிய பிளாஸ்டிக் டப்பாதான். மூடியில் ஜன்னல் வெட்டிக் கம்பி வலை, ஓரத்தில் தண்ணீர் பாட்டில், உள்ளே ஒரு ஆண், மூன்று பெண். ஆறு மாதமாக ஒரு பிரச்சினையும் இல்லை.

போன வாரம் ராத்திரி அரை லிட்டர் பாட்டிலை நிரப்பி மாட்டினேன். காலையில் காலி. குடித்துவிட்டதுகள் என்றுதான் முதலில் நினைத்தேன். ஒரு எலி நாளுக்கு 5 மில்லி அளவில்தான் குடிக்கும், பாலூட்டுகிறது கூடக் குடிக்கும், சரி. அதற்காக அரை லிட்டரா? கையை உள்ளே விட்டால் மரச்சீவல் சொதசொதவென்று இருந்தது. சீவலைத் தோண்டி மூலையில் குவித்திருக்கிறதுகள், குவியல் பாட்டில் முனையைத் தொட்டுவிட்டது. முனையில் தண்ணீரை அடைத்து நிற்கும் உருண்டை அமுங்கியே இருந்ததால் விடிய விடிய ஒழுகியிருக்கிறது.

அப்போதுதான் பார்த்தேன். நான் கவிழ்த்து வைத்திருந்த கிண்ணத்தின் மேல் பிங்கிகள், அதாவது முடி முளைக்காத பிஞ்சுக் குட்டிகள், வரிசையாகக் கிடந்தன. தாய் எலி ஒவ்வொன்றாகக் கவ்வி மேலே ஏற்றியிருக்கிறது. நான் கை வைத்திருக்கும்போதே இன்னொன்றைத் தூக்கிக்கொண்டு வந்தது. கிண்ணத்தில் இடமில்லை. இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டு என் மணிக்கட்டில் வைத்துவிட்டு அடுத்ததை எடுக்கக் கீழே இறங்கியது.

சனிக்கிழமை பாம்புக்குப் போக வேண்டிய குட்டி அது. அதுதான் உறுத்திக்கொண்டே இருக்கிறது. உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருக்கிறதா?

மறுமொழி 1

எனக்குத் தண்ணி இல்லை, பல். வலையை டப்பாவுக்கு வெளியே வெச்சு ஒட்டினேன், பார்க்க அழகா இருக்கும்னு. வெட்டின ஓரம் உள்பக்கம் அப்படியே நீட்டிக்கிட்டு இருந்துச்சு. மூணு ராத்திரி கர்ர் கர்ர்னு சத்தம். நம்மதான் தூக்கத்துல அதைப் பெருசா எடுத்துக்கலையே. நாலாவது நாள் கட்டைவிரல் நுழையுற ஓட்டை.

எலி எங்க இருந்துச்சு தெரியுமா? பாம்புத் தொட்டி மூடி மேல. வலை மேல உட்கார்ந்து நிம்மதியா முகம் கழுவிக்கிட்டு இருக்கு. கீழ பாம்பு தலையைத் தூக்கி, அது நகர்ற பக்கமெல்லாம் நகருது. நடுவுல கால் அங்குலக் கம்பி. நான் துண்டோட நிக்கிறேன், யாரைக் காப்பாத்த வந்தேன்னே தெரியலை.

மறுமொழி 2

மேலே சொன்னவர் குற்றத்தை வலை மேல் போடுகிறார். குற்றம் வலையில் இல்லை, எலிக்கு வேண்டியது பல் மாட்ட ஒரு ஓரம், அந்த ஓரத்தைத்தான் மறைக்க வேண்டும். வழவழப்பான சுவரை அதனால் கடிக்க முடியாது. வெட்டிய விளிம்பு, துளையிட்ட வாய், அச்சில் வார்த்த வரிப்பள்ளம், இவைதான் ஆபத்து. வலையை உள்பக்கமாக, வெட்டிய இடத்தைவிட எல்லாப் பக்கமும் இரண்டு விரல் அகலம் கூட விட்டு, போல்ட் நட், அகல வாஷர் போட்டு முடுக்குங்கள். சூட்டுப் பசையை நம்ப வேண்டாம், அதையும் மென்றுவிடும். கண்ணி 6 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். 12 மில்லிமீட்டர் வலையில் கண் திறந்து ஓட ஆரம்பித்த குட்டி நிற்காது.

இன்னொன்று, யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். மூடியில் மட்டும் ஜன்னல் வைப்பது தவறு. சிறுநீரின் அம்மோனியா படுக்கை மட்டத்தில் உண்டாகிறது, அவற்றின் மூக்கும் அங்கேதான் இருக்கிறது. பக்கச் சுவர்களிலும் எதிரெதிரே இரண்டு ஜன்னல் வையுங்கள். மூடியைத் திறந்ததும் நமக்குக் கண் எரிந்தால் அது ஒரு நொடி, அவற்றுக்கு நாள் முழுக்க. தும்மல், மூச்சில் டிக் டிக் சத்தம் எல்லாம் அங்கிருந்துதான் தொடங்கும். தேவதாரு வாசனை வருகிற சீவலும் கூடாது, அந்த வாசனையே நுரையீரலுக்கும் ஈரலுக்கும் கெடுதல். ஆஸ்பென் மரச்சீவல் அல்லது வாசனையில்லாத காகிதத் துண்டு போதும். டப்பாவை வெயில் படும் சுவரோரம் வைக்காதீர்கள். 30 டிகிரி தாண்டினால் ஆணுக்கு விந்து குறையும், அப்புறம் குட்டி வரவில்லை என்று பெண்ணைக் குறை சொல்வீர்கள்.

என் அனுபவம்: இதையெல்லாம் தெரிந்துகொள்வதற்கு முன் ஒரு டப்பா எலிகள் முழுக்கச் செத்துப்போய்விட்டன.

மறுமொழி 3

என்னோடது வேற கதை. முதல் ஈத்து, ஒன்பது குட்டி. சந்தோஷத்துல அன்னைக்கு மட்டும் நாலு தடவை மூடியைத் திறந்து ஒவ்வொருத்தருக்கும் காட்டினேன். மறுநாள் காலையில நாலுதான் இருந்துச்சு. மத்ததுக்கு அடையாளமே இல்லை, ஒரு துளி ரத்தம்கூட. தாய் கூட்டுல படுத்து மிச்ச நாலுக்கும் ரொம்ப அக்கறையா பால் கொடுத்துக்கிட்டு இருக்கு. அந்த அமைதியான மூஞ்சிதான் மறக்க மாட்டேங்குது. அதுக்கப்புறம் பிரசவம் ஆனா ஒரு வாரம் மூடி பக்கமே போறதில்லை.

மறுமொழி 4

நீங்க திறந்து பார்த்ததால தின்னுச்சுன்னு உறுதியா சொல்ல முடியாது. நான் தினமும் திறக்கிறேன், தீனி போடணுமே! என் கணக்கு: என்ன தீனி கொடுத்தீங்க? வெறும் தானியம்னா புரதம் பத்தாது. சினையும் பாலுமா இருக்குறதுக்கு 18 முதல் 20 சதவீதமாவது வேணும். குட்டி போட்ட ஒரு நாளைக்குள்ளேயே ஆண் மறுபடி சேரும், மூணு வாரம் சொச்சத்துல அடுத்த ஈத்து. ஒரு உடம்பு எத்தனை பேருக்குத்தான் கொடுக்கும்? ஆணை எடுத்துட்டுப் பாருங்க.

எனக்கு நடந்தது இதைவிட முட்டாள்தனம். மூணு வாரத்துல பால் மறக்க வெச்சு ஆண் தனி, பெண் தனின்னு பிரிச்சேன். பின்னாடி ரெண்டு துவாரத்துக்கும் நடுவுல இடைவெளி அதிகமா இருந்தா ஆண், அவ்வளவுதான்னு நெனச்சேன். அவசரத்துல ஒண்ணைத் தப்பாப் போட்டுட்டேன். "பெண்கள்" டப்பாவுல எல்லாம் கொழுகொழுன்னு ஆனதைப் பார்த்து நல்ல தீனி போடுறோம்னு பெருமையா இருந்தேன். ஆறே பெண், எல்லாம் ஒரே வாரத்துல ஈன்றுச்சு. எண்ணினேன், ஐம்பத்து மூணுல நிறுத்திட்டேன். வீட்ல இருக்குற பாம்பு ஒண்ணே ஒண்ணு. இப்போ பத்தாம் நாள் வாக்குல வயித்தைத் திருப்பிப் பார்த்துடறேன், முலைக்காம்பு புள்ளி தெரிஞ்சா பெண். முடி மூடினதுக்கப்புறம் தேட வேண்டியிருக்கு.

மறுமொழி 5

மறுமொழி 3 போட்டவருக்கு: திறந்ததும் ஒரு காரணம்தான். என் வீட்டில் புரதமெல்லாம் சரியாகவே இருந்தது, பக்கத்தில் டிரில் ஓட்டிய அன்று தின்றது. ஒரே காரணம் என்று யாரும் அடித்துச் சொல்ல வேண்டாம்.

மறுமொழி 6 (பதிவு 1 எழுதியவர்)

வலைக்கும் வாஷருக்கும் நன்றி, நான் கேட்டது அது இல்லை என்றாலும் ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் உள்பக்கம் மாற்றிவிட்டேன். பாட்டிலை மேலே தூக்கி மாட்டி, முனைக்குக் கீழே ஒரு தட்டைக் கல்லும் வைத்தாயிற்று, இனி சீவலைக் குவிக்க முடியாது.

அந்த ஈத்தில் மூன்று குளிரில் போய்விட்டன. மிச்சத்தைச் சனிக்கிழமை எடுக்கவில்லை. பாம்புக்கு ஃப்ரீசரிலிருந்து பழையது ஒன்றை உருக்கிக் கொடுத்தேன், அது பாட்டுக்குத் தின்றது. ராத்திரி மட்டும் ஒரு தடவை எழுந்து போய்ச் சீவலைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருகிறேன். மறுமொழி 3 போட்டவர் திட்டக் கூடாது, மூடியை முழுசாகத் திறப்பதில்லை.