மறு: டைப்காஸ்ட்டுக்குத் தமிழ் – ‘வேடமுத்திரை’ சரிவருமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

ஒரே மாதிரி வேடத்தோடு ஒரு நடிகரை ஒட்டிவைத்துவிடுவதை ஆங்கிலத்தில் ‘டைப்காஸ்ட்’ என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும்போது நம் குழுவில் ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> டைப் = வகை, காஸ்ட் = வார்ப்பு. ஆகவே ‘வகைவார்ப்பு’ என்று வைத்துக்கொள்ளலாம்.

ஐயா, இந்தச் சொல்லை ஒரு வாரமாகச் சொல்லிப் பார்க்கிறேன், நாக்கில் ஒட்ட மாட்டேன் என்கிறது. ஈயத்தை உருக்கி எழுத்து வார்க்கும் பழைய அச்சுக்கூடம்தான் கண்ணுக்குத் தெரிகிறது. இங்கே ‘காஸ்ட்’ என்பது வார்ப்பதல்ல, வேடத்துக்கு ஆள் போடுவது.

ஒரு சொல் பொருந்துமா என்று பார்க்க நான் பிரிட்டிஷ் நடிகர் ஹாரி எச். கார்பெட்டைத்தான் நினைத்துக்கொள்வேன். நாடக இயக்குநர் ஜோன் லிட்டில்வுட்டின் குழுவில் வளர்ந்தவர். ஷேக்ஸ்பியரின் இரண்டாம் ரிச்சர்டாக மேடையில் நின்றவர். 1962இல் பிபிசியில் ‘ஸ்டெப்டோ அண்ட் சன்’ என்ற நகைச்சுவைத் தொடர் வந்தது. அதில் குதிரை வண்டியில் போய்ப் பழைய சாமான் வாங்கும் காயலான் கடைக்காரரின் மகன் ஹெரால்ட் ஆனார். அப்பாவை விட்டுப் போகிறேன், போகிறேன் என்பான் ஹெரால்ட், போகவே மாட்டான். 1974இல் தொடர் முடிந்தது. கார்பெட்டை மட்டும் ஹெரால்ட் விடவில்லை, அந்த வேடமாகவே அவரைப் பார்த்தார்கள். 1982இல் மாரடைப்பில் இறந்தபோது அவருக்கு வயது 57.

அப்பாவாக நடித்த வில்ஃப்ரிட் பிராம்பெல் அவரைவிட 13 வயதுதான் மூத்தவர். ஒரு காட்சியில் தகரத் தொட்டிக்குள் உட்கார்ந்து குளித்துக்கொண்டே சாப்பிடுவார். ஊறுகாய் வெங்காயம் குளிக்கிற தண்ணீரில் விழுந்துவிடும். துழாவி எடுத்து மறுபடியும் ஜாடிக்குள் போடுவார். நிஜ வாழ்க்கையில் அவர் மடிப்புக் கலையாமல் உடுத்துகிற மனிதர் என்றால், அந்தக் காட்சியைப் பார்த்தவர்களுக்கு நம்பக் கஷ்டமாக இருக்கும்.

எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்: இருவரும் மாட்டிக்கொண்டது மோசமாக நடித்ததால் அல்ல, அவ்வளவு நன்றாக நடித்ததால். போன வாரம் இங்கே வந்த ‘வேடச்சிறை’ அழகான சொல்தான், ஆனால் அதில் துயரம் மட்டும் இருக்கிறது, திறமை இல்லை.

இரண்டையும் சொல்ல நம்மிடம் ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறதே! ‘அந்த வேடத்தில் முத்திரை பதித்தார்’ என்றால் பாராட்டு. ‘காமெடியன் என்று முத்திரை குத்திவிட்டார்கள்’ என்றால் ஆதங்கம். பதிப்பவர் நடிகர், குத்துபவர்கள் மற்றவர்கள். முத்திரை ஒன்றேதான். அதனால்தான் ‘வேடமுத்திரை’ என்கிறேன். பரதத்தின் கை முத்திரையோடு குழம்பாதா என்று கேட்பீர்கள். ‘வேடம்’ முன்னால் நிற்பதால் குழம்பாது.

வினையும் தானாக வருகிறது: வேடமுத்திரை விழுந்தது, குத்தினார்கள், கலைந்தது. கடைசி வினைக்கு இன்னொரு பிரிட்டிஷ் நடிகர் வாரன் மிட்செல் நல்ல உதாரணம். யூதக் குடும்பத்தில் பிறந்த அவர், தொலைக்காட்சி நகைச்சுவையில் இனவெறி பேசும் ஆல்ஃப் கார்னெட்டாக 1965இலிருந்து நடித்தார். அந்த ஆளைக் கேலி செய்யத்தான் எழுதினார்கள். ஆனால் அவன் பேசுவதே சரி என்று கொண்டாடிய ரசிகர்களும் இருந்தார்கள். 1979இல் லண்டன் நேஷனல் தியேட்டரில் ‘டெத் ஆஃப் எ சேல்ஸ்மேன்’ என்ற துயர நாடகத்தின் நாயகன் வில்லி லோமனாக நடித்து, பிரிட்டனின் பெரிய நாடக விருதான ஒலிவியர் விருதை வாங்கினார். அந்த மேடையில் முத்திரை கலைந்தது. 1985இல் தொலைக்காட்சியில் மறுபடி ஆல்ஃப் ஆனார் என்பது வேறு கதை.

ஒரு சிக்கல் மிச்சமிருக்கிறது. ‘டாட்ஸ் ஆர்மி’ என்ற பிரிட்டிஷ் நகைச்சுவைத் தொடரில் கிழட்டுக் கார்ப்பரல் ஜோன்ஸாக வந்த கிளைவ் டன்னுக்கு, தொடர் தொடங்கிய 1968இல் வயது 48தான். 1971இல் அவர் தாத்தாவாகப் பாடிய பாட்டு பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. அவரைப் பிடித்துக்கொண்டது ஒரு பாத்திரம் மட்டுமல்ல, முதுமை என்ற வகையே. இதற்கும் ‘வேடமுத்திரை’ தாங்குமா? கிழவர் முத்திரை, வில்லன் முத்திரை என்று முன்சொல்லை மாற்றிக்கொண்டால் போதுமா, தனிச்சொல்லே வேண்டுமா? குழுவில் இருக்கும் நாடகக்காரர்கள் சொல்லுங்கள்.