ஜப்பானிய விடுதிக்கு ஆத்தாவை அழைத்துச் செல்கிறேன்: எவற்றைச் சொல்லி வைப்பது?

கேள்வி (காரைக்குடி):
சென்ற ஆண்டு கியோட்டோவில், ‘ரியோக்கான்’ எனப்படும் மரபுவழி விடுதி ஒன்றில் நான்கு நாள் தங்கினேன். வாசலையடுத்த தாழ்ந்த தளத்தில் காலணியைக் கழற்றிவிட்டு மேலே ஏறும் வழக்கம், திண்ணைக்குக் கீழேயே செருப்பை விட்டுவிட்டு முகப்புக்குள் நுழைந்து பழகிய எனக்குப் புதிதாகத் தோன்றவில்லை. ஆனால் நான் தாறுமாறாக விட்டுச் சென்ற காலணிகளை, விடுதி நடத்தும் மூதாட்டி முழந்தாளிட்டு அமர்ந்து, முனை வாசலை நோக்கும்படி ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்ததைக் கண்டு கூசிப்போனேன். மறுநாள் கழிப்பறைக்கென்றே வைத்திருந்த செருப்போடு பாய் பதித்த அறைவரை வந்துவிட்டேன். இரவுச் சாப்பாட்டில், உண்ணும் குச்சிகளைச் சோற்றில் நட்டு நிறுத்தினேன். அவர் ஒரு சொல்லும் சொல்லாமல், குச்சி வைக்கும் சிறு பீங்கான் தாங்கியை மட்டும் என் பக்கம் நகர்த்திவிட்டுப் போனார். வரும் ஐப்பசியில் எழுபது வயதான ஆத்தாவை அங்கே அழைத்துச் செல்கிறேன். அவர் சுத்த சைவம். அவரிடம் முன்கூட்டியே எவற்றைச் சொல்ல வேண்டும்?

மறுமொழி (தேவகோட்டை):
தம்பி, ஒசாகாவில் பல ஆண்டு இருந்தவன் என்பதால் சொல்கிறேன். கிளம்பும்போது தடுமாறாமல் காலை நுழைத்துக்கொண்டு போகவே காலணியைத் திருப்பி வைக்கிறார்கள். விருந்தினரே குனிந்து அதைச் செய்துவிட்டால் மிகவும் மதிப்பார்கள். குச்சியை அப்படி நிறுத்துவது, இறந்தவர் தலைமாட்டில் படைக்கும் சோற்றில் மட்டுமே. தகனத்துக்குப் பின் உறவினர்கள் எலும்பைக் குச்சிகளால் எடுத்து, குச்சிக்குக் குச்சி மாற்றிக் கலயத்தில் இடுவார்கள். ஆகவே ஒருவர் குச்சியிலிருந்து இன்னொருவர் குச்சிக்கு உணவை மாற்றவும் கூடாது. துக்க வீட்டுச் சடங்கை விருந்தில் செய்யலாகாது என்றால் ஆத்தாவுக்கு உடனே விளங்கும்.

மறுமொழி (கண்டனூர்):
சைவம் என்பதுதான் பெரிய சிக்கல். மீன் துண்டு கண்ணில் படாவிட்டாலும், மிசோ சூப்பிலும் காய்கறி வேகவைத்ததிலும் ‘தாஷி’ என்னும் சாறு இருக்கும்; அது பெரும்பாலும் உலர்த்திச் சீவிய சூரை மீனில் இறக்கியது. முன்பதிவின்போதே, கடற்பாசியில் மட்டும் இறக்கிய சாற்றைக் கேளுங்கள். முடிந்தால் வாக்கயாமா மாவட்டத்துக் கோயா மலையில் ஓரிரவு தங்குங்கள். அங்குள்ள பௌத்தக் கோயில் விடுதிகளில் மீனும் இறைச்சியும் சேராத ‘ஷோஜின்’ உணவு கிடைக்கும். வெங்காயமும் பூண்டும்கூட அதில் சேர்ப்பதில்லை. குளியலையும் சொல்லி வையுங்கள்: வெளியே அமர்ந்து சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே வெந்நீர்த் தொட்டியில் இறங்க வேண்டும், ஏனெனில் அந்த நீர் எல்லோருக்கும் பொது. பொதுக்குளியலில் உடையின்றி இறங்குவது வழக்கமாதலால், தனியாக ஒதுக்கித் தரும் குளியலறை உள்ள விடுதியாகப் பாருங்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி, ஆச்சி, அண்ணன். படித்துக் காட்டியதும் ஆத்தா அந்த மூதாட்டிக்கென ஒரு கொட்டான் முடைய ஓலை எடுத்துவிட்டார். அதில் மாவுருண்டை வைத்துத் தரலாமா?

மறுமொழி (தேவகோட்டை):
தாராளமாகத் தரலாம், தம்பி. இரு கைகளாலும் கொடுக்கச் சொல்லுங்கள். கொடுத்தவர் எதிரில் பிரித்துப் பார்ப்பது அங்கே வழக்கமில்லை. அதற்காக ஆத்தா வருந்த வேண்டாம். உருண்டை நான்காக மட்டும் இருக்க வேண்டாம். நான்குக்கும் சாவுக்கும் ‘ஷி’ என்ற ஒரே ஒலிதான். ஐந்தாக வையுங்கள்.