வெயிலுக்கு பெர்ஷியன் பூனையை மழிக்கலாமா?

பஞ்சுமூட்டை: எங்கள் பெர்ஷியனுக்கு மூன்று வயது. வெயில் ஏறியதிலிருந்து தரையில் மல்லாந்தே கிடக்கிறாள். வயிற்றிலும் அக்குளிலும் சிக்கு வேறு. பிடரி, பாதம், வால் நுனி மட்டும் விட்டுவிட்டு மற்றதை ஒட்ட மழிக்கும் 'லயன் கட்' செய்துவிடலாமா? வீட்டில் பாதிப் பேர் சரி என்கிறார்கள், பாதிப் பேர் பாவம் என்கிறார்கள்.

சீப்புக்காரி: வேண்டாம். பூனைக்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது, உள்ளங்காலில்தான் வியர்க்கும். மற்றபடி முடியை நக்கி, அந்த எச்சில் காயும்போது உடம்பைக் குளிர்த்திக்கொள்ளும். சிக்கில்லாத முடிக்கு நடுவே தங்கும் காற்று, வெளிச்சூடு தோலுக்கு இறங்காமல் தடுக்கும். அதை எடுத்துவிட்டு ஜன்னலோரம் படுக்கவிட்டால் தோல் வெந்துபோகும். தரையில் மல்லாந்து கிடப்பது எல்லாப் பூனையும் செய்வதுதான்.

மொட்டைமணி: 'சிக்கில்லாத முடி' என்று சொன்னீர்களே, விஷயமே அங்கேதான் இருக்கிறது. பெர்ஷியனின் அடிமுடி பஞ்சு மாதிரி. இரண்டு நாள் விட்டாலே பிணைந்துகொள்ளும். தினமும் சீவுகிறேன் என்று வாங்கும்போது எல்லோரும் சொல்கிறார்கள், எத்தனை பேர் சீவுகிறார்கள்? சிக்கு கெட்டியானால் நடக்கும் ஒவ்வொரு அடியிலும் தோலை இழுக்கும். அடியில் ஈரம் தங்கிப் புண்ணாகும். அழகுக்காக அந்த வலியோடு விட்டுவைப்பதுதான் பாவம்.

சீப்புக்காரி: அழகைப் பற்றி நான் பேசவே இல்லையே. சீவுகிற முறை தெரியாமல் மேலாக ஓட்டினால் சிக்கு விழத்தான் செய்யும். முடியை வகிடு வகிடாகப் பிரித்து, அடியிலிருந்து நுனிவரை முதலில் அகலப் பல் சீப்பு, பிறகு நெருக்கப் பல். அது போதும். முதுகு பார்க்க நன்றாக இருக்கும். காதுக்குப் பின்னால், அக்குள், தொடையின் பின்பக்கம், அங்கேதான் ஒளிந்திருக்கும்.

தையல்ஊசி: நான் விலங்கு மருத்துவமனையில் உதவியாளர். சண்டைக்கு நடுவே ஒன்று சொல்லிவிடுகிறேன்: தயவுசெய்து யாரும் கத்தரிக்கோலை எடுக்காதீர்கள். பூனைத்தோல் மிக மெல்லியது, சிக்கு இழுக்கும்போது அதோடு சேர்ந்து மேலே எழும்பி வரும். முடி என்று நினைத்து தோலை வெட்டிவிட்டு, தையல் போடக் கொண்டுவருகிறார்கள். சிக்கோடு குளிப்பாட்டவும் வேண்டாம், ஈரம் பட்டு இன்னும் இறுகும்.

பஞ்சுமூட்டை: அப்போ கிளிப்பர் சரிதானே?

தையல்ஊசி: பழகிய கையானால் சரி. ஆனால் பிளேடு ஓட ஓடச் சூடாகும், அடிக்கடி தொட்டுப் பார்க்க வேண்டும். பல பூனைகள் மயக்க மருந்து இல்லாமல் முழு மழிப்புக்கு நிற்காது. பெர்ஷியன் போன்ற தட்டை மூக்குப் பூனைக்கு மூச்சுவழி குறுகல் என்பதால் மயக்கத்தில் கூடுதல் கவனம் தேவை. வெறும் வெயிலுக்காக அந்த அபாயம் வேண்டாம் என்பேன். இந்த இனம் சூட்டில் திணறுவதற்கு முடியைவிட மூக்கே பெரிய காரணம். வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் அது அவசரம், உடனே மருத்துவரிடம் ஓடுங்கள்.

நாட்டுப்பூனை: மூக்கு என்றதும் வருகிறேன். 1871-ல் லண்டன் கிறிஸ்டல் பேலஸில் பூனைக் கண்காட்சி நடந்த காலத்துப் படங்களைப் பாருங்கள், நீளமுடிப் பூனைகளுக்கு ஒழுங்கான மூக்கு இருக்கும். கண்காட்சிப் பரிசுக்காகத் தலைமுறை தலைமுறையாக உள்ளே தள்ளினோம். இப்போது கண்ணீர் வழிகிறது, குறட்டை விடுகிறது. தானாகச் சுத்தம் செய்துகொள்ளவும் முடியாத முடி. இந்த இனத்தையே வளர்க்கக் கூடாது.

மொட்டைமணி: ஏற்கனவே வீட்டில் இருக்கும் பூனையை என்ன செய்யச் சொல்கிறீர்கள்?

நாட்டுப்பூனை: வைத்திருங்கள், நன்றாகப் பாருங்கள். அடுத்ததை வாங்காதீர்கள். சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் வளரும் பரம்பரை நோயும் இந்த இனத்தில் அதிகம். காரணமான மரபணு மாற்றம் 2004-லேயே தெரிந்துவிட்டது. பெற்றோரில் ஒன்றிடம் இருந்தாலே ஒவ்வொரு குட்டிக்கும் பாதி வாய்ப்பு.

சீப்புக்காரி: கன்னத்தின் உட்புறம் பஞ்சுக் குச்சியால் தடவி எடுத்தாலே அதைப் பரிசோதித்துவிடலாமே. சோதிக்காமல் குட்டி விற்பவரைத் திட்டுங்கள், பூனையை ஏன் திட்டுகிறீர்கள்? மூக்கு கொஞ்சம் நீண்ட 'டால் ஃபேஸ்' பெர்ஷியனும் உண்டு.

நாட்டுப்பூனை: பூனையைத் திட்டவில்லை, வாங்குகிறவர்களைத் திட்டுகிறேன் :)

மொட்டைமணி: பஞ்சுமூட்டை, உங்களுடையது முகம், காது, கால், வால் மட்டும் கறுத்த ஹிமாலயன் வகையா? அப்படியானால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். அந்த நிறம் உடல்சூட்டைப் பொறுத்தது, குளிர்ந்த இடத்தில் கருமை கூடும். மழித்த இடத்தில் முளைக்கும் முடி கறுப்பாகத் திரும்பலாம். மழிப்பை ஆதரிக்கும் நானே சொல்கிறேன்.

பஞ்சுமூட்டை: இல்லை, முழு வெள்ளை. சரி, வயிறு, அக்குள் சிக்கை மட்டும் மருத்துவரிடம் கிளிப்பரால் எடுத்துவிட்டு, மீதியைச் சீவப்போகிறேன். பகலில் ஏசி ஓடட்டும்.

சீப்புக்காரி: நல்ல முடிவு. சாப்பாட்டுக்கு முன்னால் சீவுங்கள், தட்டைப் பார்த்துக்கொண்டே பொறுமையாக நிற்கும்.

மொட்டைமணி: நிற்கட்டும். வேலை கூடி, சீவ நேரமில்லாமல் அக்குளில் மறுபடி சிக்கு விழுந்ததும் இங்கேயே வாருங்கள். அப்போது பேசுவோம்.