புதுப்பிப்பு: கணவர் போன பிறகு கடவுளும் கைவிட்டதாகத் தோன்றியது பற்றி

கணவர் மறைந்து, மகனும் வெளிநாடு திரும்பிய பின், விளக்கேற்றினாலும் எதிரே யாருமில்லாதது போலிருக்கிறது, என்ன செய்வது என்று ஆடியில் கேட்டிருந்தேன். பதில் சொன்ன அனைவருக்கும் நன்றி.

தினம் 108 முறை நாமம் எழுதும் யோசனை எனக்கு ஒத்துவரவில்லை. மூன்றாம் நாளே மனம் எண்ணிக்கையில் போய்விட்டது. பலித்தது, "எதுவும் வேண்டாதீர்கள், வீட்டில் இருப்பவரிடம் பேசுவதுபோல் பேசுங்கள்" என்று ஒரு சகோதரி சொன்னதுதான். திருவையாற்றுப் படித்துறையில் உட்கார்ந்து முதல் வாரம் முழுக்கத் திட்டித் தீர்த்தேன். திட்டுவதற்கும் எதிரே ஆள் வேண்டுமே என்பது அப்போது உறைக்கவில்லை.

எதிர்பாராதது திருச்சியில் நடந்தது. மலைக்கோட்டையில் தாயுமானவரைப் பார்க்கப் போயிருந்தேன். காவிரி வெள்ளத்தில் தாய் அக்கரையில் நின்றுவிட, பிரசவ வலியில் கிடந்த இரத்தினாவதிக்குச் சிவனே தாயாக வந்த தலவரலாறு சிறுவயதிலிருந்தே கேட்டதுதான். ஆனால் பெற்ற தாய் வந்து சேரும்வரை, உடனிருந்தது யார் என்று அந்தப் பெண்ணுக்கே தெரியாது! படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். மருத்துவமனையில் அந்தக் கடைசி இரவு, தேநீர் வாங்கிக் கொடுத்து விடியும்வரை என் பக்கத்தில் இருந்த, முன்பின் தெரியாத அம்மாள் நினைவுக்கு வந்தார்.

இன்னும் இரவு மூன்று மணிக்கு விழிப்பு வருகிறது. கொஞ்சம் பேசுகிறேன், பெரும்பாலும் தூங்கிவிடுகிறேன்.